சோதனைராஜுக்குப் பத்துப் பொருத்தம்

வெளியூரில் ஒரு திருமணத் தகவல் சைட்டை எவனோ உடைத்து, அதிலிருந்த பெண்களின் போன் நம்பர்களையெல்லாம் இன்டர்நெட்டில் கொட்டிவிட்டான் என்ற செய்தி வந்த அன்று, பிரேமலதா மேஜை மேல் வைத்த காபி ஆறி ஏடு படிந்துவிட்டது. ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் ரோட்டில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் ‘மங்களநாண் திருமணத் தகவல் மையம்’ நடத்துகிறவர் அவர். திருச்சி, முசிறி, லால்குடி, மணப்பாறை என்று சுற்றுவட்டாரக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் ஜாதகம், சம்பளம், போட்டோ எல்லாவற்றையும் அவரை நம்பித்தான் கொடுத்திருந்தன.

“ஸ்தனி, நம்ம சைட்ல ஓட்டை இருக்கா?” என்று கேட்டார்.

ஸ்தனிஸ்லாஸ் மங்களநாணின் கம்ப்யூட்டர் ஆள். அந்த வேலைக்கு அங்கே அவன் ஒருத்தன்தான். சைட்டை எழுதியதும் அவன்தான், பிரிண்டரில் சிக்கின பேப்பரை இழுத்து எடுப்பதும் அவன்தான். பாலக்கரையிலிருந்து தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்து போகிறவன். நாற்பது வயதாகியும் பொய் சொல்லப் பழகாதவன்.

“இருக்கும் மேடம். எங்கேன்னுதான் தெரியாது.”

“எழுதினது நீங்கதானே?”

“அதனாலதான் தெரியாது. நான் எழுதினதுல தப்பு இருந்தா என் கண்ணுக்குத் தெரியாது மேடம். வெளி ஆளை விட்டுத்தான் தேடணும்.”

வெளி ஆளை விட்டுத் தேடுவதில் இரண்டு வழி உண்டு என்று அவன் விளக்கினான். ஒன்று, கிரவுட் பென்டெஸ்ட். சென்னையில் ஒரு கம்பெனி இருக்கிறது. ஊர் ஊராக உட்கார்ந்திருக்கிற கெட்டிக்காரர்களில் நாலைந்து பேரைப் பொறுக்கி எடுத்து, யார் எவர் என்று விசாரித்து, வெளியே மூச்சு விட மாட்டோம் என்று கையெழுத்து வாங்கி, இரண்டு வாரம் நம் சைட்டை உடைத்துப் பார்க்கச் சொல்லும். கடைசியில் முழு அறிக்கை தரும். நாம் ஓட்டையை அடைத்த பிறகு மறுபடி வந்து தட்டிப் பார்க்கும். இன்னொன்று பக் பவுண்டி. ‘குறை கண்டுபிடித்தால் பரிசு’ என்று பொதுவாக அறிவித்துவிட வேண்டியது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம், எப்போது வேண்டுமானாலும் தேடலாம். குறை கிடைத்தால் மட்டும் பரிசு. ஒரே குறையை இரண்டு பேர் சொன்னால் முதலில் சொன்னவருக்கு மட்டும்.

பிரேமலதாவுக்கு எந்த விஷயமும் கல்யாண விஷயமாக மாறினால்தான் மனசில் உட்காரும். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“முதல்ல சொன்னது, நம்பகமான நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் பொண்ணு பார்க்கிறது. ரெண்டாவது, பொண்ணைப் பத்தி தெருவுல போறவங்களை எல்லாம் கேக்கறது. சரியா?”

“கிட்டத்தட்ட சரிதான் மேடம்.”

“எது நல்லது?”

“ஒப்பிட்டு ஒரு ரிப்போர்ட் எழுதித் தரேன்.”

“எழுதிப் பார்த்து என்ன தெரியும்? ரெண்டையும் சின்னதா ஒரு தடவை செஞ்சு பார்த்துடுவோம். அப்புறம் எழுதுங்க.”

அங்கேதான் தப்பு நடந்தது என்று ஸ்தனிஸ்லாஸ் பிற்பாடு நினைத்துக்கொண்டான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடாது, முதலில் அது, பிறகு இது என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது.

பென்டெஸ்ட் கம்பெனிக்கு ஒப்பந்தம் போய்ச் சேர்ந்தது. பக் பவுண்டிக்கு அவனே ஒரு அறிவிப்பு எழுதி பிரேமலதாவிடம் கொடுத்தான்: ‘மங்களநாண் இணையதளத்தின் மென்பொருளில் உள்ள பாதுகாப்புக் குறைபாடுகளைக் கண்டறிந்து தெரிவிப்பவர்களுக்குத் தக்க பரிசு வழங்கப்படும்.’

பிரேமலதா பேனாவை எடுத்தார். ‘பாதுகாப்பு’ என்றால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று அதை அடித்தார். ‘மென்பொருள்’ யாருக்குப் புரியும் என்று அதையும் அடித்தார். ‘இணையதளம்’ இடத்தை அடைத்தது. மறுநாள் காலை மங்களநாண் ஆப்பைத் திறந்த ஒவ்வொருவர் கண்ணிலும், மயில் படத்துக்குக் கீழே, மஞ்சள் எழுத்தில் இது பட்டது:

‘மங்களநாணில் குறை கண்டுபிடியுங்கள்! பரிசு வெல்லுங்கள்! சின்னக் குறைக்கு டிபன் பாக்ஸ். நடுத்தரக் குறைக்கு இட்லி குக்கர். கடுமையான குறைக்குப் பட்டுப்புடவை.’

காலை பத்து மணிக்குள் ஸ்தனிஸ்லாஸின் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது. ஆர்வத்தோடு முதல் மெயிலைத் திறந்தான்.

‘குறை: மாப்பிள்ளைக்கு முன்பக்கம் வழுக்கை. போட்டோவில் தொப்பி. கடுமை: நடுத்தரம். குக்கர் எத்தனை லிட்டர்?’

இரண்டாவது மெயில், மாப்பிள்ளையின் அக்கா மூன்று முறை வேலையை விட்டவள் என்றது. மூன்றாவது, பெண் டிகிரி முடிக்கவில்லை, ஒரு பேப்பர் பாக்கி என்றது. நான்காவதும் அதே வழுக்கைதான். வேறொரு அத்தை அனுப்பியிருந்தார். பரிசு முதலில் சொன்னவருக்குத்தானே என்பதால், இரண்டு அத்தைகளும் மத்தியானமே மாடியேறி வந்து, யார் முதலில் பார்த்தது என்று சண்டை போட்டார்கள். மெயில் நேரத்தைக் காட்டியும் இரண்டாவது அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. “அவ மெயில்ல பார்த்தா. நான் காதுகுத்துலயே நேர்ல பார்த்தேன்!”

“மேடம், அறிவிப்பை எடுத்துடலாம்” என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

“எடுத்தா ஏமாத்திட்டோம்னு பேசுவாங்க. இந்த ஒரு நாள்ல எவ்வளவு பேர் ஆப்பைத் திறந்திருக்காங்க பாருங்க” என்றார் பிரேமலதா. அவர் முகத்தில் நெடுநாளாக இல்லாத ஒரு ஒளி இருந்தது.

வேலையைக் குறைக்க ஸ்தனிஸ்லாஸ் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். குறை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பானவருக்குத் தானாகவே ஒரு மெயில் போய்விடும். பக் பவுண்டி நடத்துகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஏற்பாடுதான். ஆனால் மங்களநாணில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மாப்பிள்ளையுடையது, அல்லது ஒரு பெண்ணுடையது. ஆகவே இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் சோழமண்டலத்துப் பாதி மாப்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மெயில் போய்ச் சேர்ந்திருந்தது:

‘உங்கள் பக்கத்தில் குறை ஒன்று கண்டறியப்பட்டுள்ளது. மூன்று மாதத்துக்குள் சரிசெய்யப்படாவிட்டால், குறையைக் கண்டறிந்தவர் அதைப் பொதுவில் வெளியிட உரிமை உண்டு.’

அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, முசிறியிலிருந்து நல்லதம்பி வந்தான். வாழைத்தோப்பு வைத்திருக்கிறவன். விவசாயம் படித்தவன். நல்ல உயரம். கண்ணில் மட்டும் கலக்கம்.

“சார், எனக்கு ஏதோ குறைன்னு வந்திருக்கு. என்னன்னு சொல்லுங்க. வீட்டுல அம்மா சாப்பிடலை.”

ஸ்தனிஸ்லாஸ் தேடி எடுத்தான். குறட்டை. அனுப்பியவர் பெயர் தெரியவில்லை. ஆனால் ‘குறையை மறுபடி வரவழைத்துப் பார்க்கும் வழி’ என்ற கட்டத்தை வேறு யாரும் நிரப்பாத அளவுக்கு ஒழுங்காக நிரப்பியிருந்தார்: ‘ஒன்று, முசிறியில் திருச்சி பஸ் ஏறவும். இரண்டு, இவருக்கு ஜன்னல் சீட் கொடுக்கவும். மூன்று, குணசீலம் தாண்டும்வரை காத்திருக்கவும். டிரைவரே திரும்பிப் பார்ப்பார்.’

தொழில்முறையில் பார்த்தால் இதுவரை வந்ததிலேயே நேர்த்தியான அறிக்கை அதுதான் என்று ஸ்தனிஸ்லாஸுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டான்.

“தம்பி, இது குறையே இல்லை. கணக்குல வராது. நான் தள்ளிடறேன்.”

“தள்ளிட்டா, தள்ளிட்டாங்கன்னுதானே பேசுவாங்க? சரியாயிடுச்சுன்னு போடுங்க சார். மறுபடி சோதிச்சுப் பார்த்துட்டே போடுங்க. நான் தயார்.”

பிரேமலதாவுக்கு இது நியாயமாகப் பட்டது. இரு வீட்டாரும் சந்தித்துப் பேசுகிற அறையில் ஒரு நீளமான சோபா இருந்தது. நல்லதம்பிக்கு மெஸ்ஸிலிருந்து முழுச் சாப்பாடு வரவழைத்துக் கொடுத்து, ஃபேனைப் போட்டு, அதில் படுக்கச் சொன்னார்கள். கதவுக்கு வெளியே ஸ்தனிஸ்லாஸ், பிரேமலதா, வரன் பார்க்க வந்திருந்த இரண்டு குடும்பங்கள், கீழே மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்க வந்து சத்தம் கேட்டு மேலே ஏறி வந்த ஒருவர், எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கால் மணி நேரத்தில் குறட்டை எழுந்தது. அடேயப்பா, என்ன குறட்டை! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு பெண்ணின் அப்பா, “குணசீலமே வேண்டாம்” என்றார்.

கதவைத் திறந்தால் நல்லதம்பி கண்ணை அகல விழித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். “இவ்வளவு சத்தத்துல எப்படிங்க தூங்கறது?” என்றான் பாவமாக. குறட்டை, சோபாவுக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்திருந்த பீமராவுடையது. பீமராவ் மங்களநாணின் ஜோசியர். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அங்கே படுப்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சோதனை முடிவு தெரியாமலே கலைந்தது. நல்லதம்பி பாதி மனசோடு பஸ் ஏறப் போனான்.

ஸ்தனிஸ்லாஸை வீட்டுக்குப் போனாலும் வேலை விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளிக்கொண்டிருந்தான். எதிரே அவன் மனைவி ரோசரி பள்ளிக்கூடப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நடுவில், ‘குறை: ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுவது. பலமுறை சொல்லியும் சரிசெய்யப்படவில்லை’ என்று ஒரு மெயில் வந்தது. எந்த மாப்பிள்ளை என்று பார்த்தான். ‘மங்களநாண் கம்ப்யூட்டர் பிரிவு’ என்று இருந்தது.

“ரோசரி, இது என்ன?”

“நடுத்தரம்னுதான் போட்டிருக்கேன்” என்றாள் அவள், தலை நிமிராமல். “நம்ம குக்கர் அடி பிடிக்குதுங்க.”

இந்தக் குவியலுக்கு அடியில் இரண்டு உண்மையான மெயில்கள் மூச்சு முட்டிக் கிடந்தன. ஸ்தனிஸ்லாஸ் இரண்டையும் பார்க்கவில்லை.

முதலாவது, பென்டெஸ்ட் ஆள் அனுப்பியது. பொறுக்கி எடுத்த அந்த நாலைந்து பேரில் ஒருவர், வேலையை ஆரம்பித்த அன்றே, சோதனைக்காக மங்களநாணில் ஒரு பொய் மாப்பிள்ளையைப் பதிவு செய்திருந்தார். பெயர் சோதனைராஜ். உயரக் கட்டத்தில் கடைசியாக இருந்ததைத் தேர்ந்தெடுத்ததால் ஏழடி. சம்பளக் கட்டம் நிறைகிற வரை ஒன்பதை அழுத்தியிருந்தார். உடன்பிறந்தோர் இல்லை. தாயார் இல்லை. எதிர்பார்ப்புகள் என்ற இடம் காலியாக விடப்பட்டிருந்ததால், சைட் தானாகவே ‘எந்த எதிர்பார்ப்பும் இல்லை’ என்று எழுதிக்கொண்டது. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வட்டம்.

நட்சத்திரம் எழுத வேண்டிய இடத்தில்தான் வித்தையைக் காட்டியிருந்தார். அங்கே ரோகிணி, சதயம் என்று எதுவும் எழுதாமல், கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில், ‘அல்லது 1=1’ என்று எழுதினார். பொருத்தம் பார்க்கிற புரோகிராம் ஒவ்வொரு பெண்ணையும் எடுத்து, ‘இவள் நட்சத்திரம் பொருந்துகிறதா, அல்லது ஒன்றும் ஒன்றும் சமமா?’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. ஒன்றும் ஒன்றும் எப்போதுமே சமம். ஆகவே எல்லாப் பெண்ணுக்கும் பொருத்தம். பத்துக்குப் பத்து. அந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் என்பது பெரிய ஓட்டை. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கே அந்த ஆள், ‘அவசரம்: கடுமையான குறை’ என்று மெயில் அனுப்பிவிட்டார். அன்றைக்கு ‘கடுமையான குறை’ என்ற தலைப்பில் வந்தவை எத்தனையோ. ஸ்தனிஸ்லாஸ் அதை வழுக்கையோடு சேர்த்துத் தள்ளிவிட்டான்.

சோதனைராஜின் பொருத்தத் தாள்கள் பிரிண்டரிலிருந்து வந்துகொண்டே இருந்தன. பீமராவ் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். இப்படி ஒரு ஜாதகத்தை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. ‘உத்தமம்’ என்று எழுதி எழுதி, பேனாவில் மை தீர்ந்து வேறு பேனா வாங்கினார். பரிசு தேடி அலைந்த அத்தைகளும் சோதனைராஜின் பக்கத்தை மணிக்கணக்காகப் புரட்டினார்கள். ஒரு குறை கிடைக்கவில்லை. போட்டோ இல்லாததைக்கூட, “கூச்ச சுபாவம், இந்தக் காலத்துல இப்படி யாரு?” என்று சிலாகித்தார்கள். இத்தனை பேர் தேடியும் குறை இல்லாத ஒரே மாப்பிள்ளை என்ற பேச்சு காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டி வரைக்கும் போய்விட்டது.

அடுத்து வந்த வளர்பிறை முகூர்த்த நாளில் விஷயம் வெடித்தது. ஸ்தனிஸ்லாஸ் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அம்மாமண்டபம் ரோட்டில் கார்கள் வரிசை கட்டி நின்றன. மெடிக்கல் ஷாப் வாசலில், மாடிப்படியில், படி திரும்புகிற இடத்தில், எங்கே பார்த்தாலும் பட்டுப்புடவையும் தாம்பாளத் தட்டும். வெற்றிலை, பாக்கு, பூ, சாத்துக்குடி. எல்லோரும் சோதனைராஜைப் பேசி முடிக்க வந்திருந்தார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் படியேற வழி தேடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பெண் குரல்.

“சார், நான் பென்டெஸ்ட் டீம்ல இருந்து ஷெர்லின் பேசறேன். சோதனைராஜுக்கு என்னோட டெஸ்ட் நம்பரைக் கொடுத்திருந்தேன். காலையில இருந்து போன் நிக்கலை சார். எல்லாரும் என்னை மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு கூப்பிடறாங்க. ஒரு அம்மா, காலையில என்ன டிபன் சாப்பிட்டீங்கன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“பொங்கல்னு சொன்னேன். பொண்ணுக்கும் பொங்கல்தான் பிடிக்குமாம். மெயில் அனுப்பினேனே சார், பார்க்கலையா?”

ஸ்தனிஸ்லாஸுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. படியிலேயே உட்கார்ந்தான். “சென்னையில இருந்து நீங்க நேர்ல வந்து சொன்னாத்தான் இவங்க நம்புவாங்க போல இருக்கு.”

“நான் சென்னையில இல்லை சார். கிரவுட்னா எங்கேயும் இருப்போம். தென்னூர்லதான் இருக்கேன். ஸ்கூட்டியை எடுத்துட்டு வந்துடறேன்.”

வந்தாள். ஜீன்ஸும் குர்தாவும் போட்ட, ஐந்தடி உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான, மூக்குக்கண்ணாடி அணிந்த பெண். கூட்டத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, பிறகு செருப்பைக் கழற்றி, நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நான்தாங்க சோதனைராஜ்.”

தாம்பாளங்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

“ஏழடின்னு போட்டிருந்துச்சே?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது கடைசி ஆப்ஷன்மா. சும்மா அழுத்தினேன்.”

“சம்பளம்?”

“ஒன்பதை அமுக்கிப் பிடிச்சேன்.”

“எதிர்பார்ப்பு எதுவும் இல்லைன்னது?”

ஷெர்லின் யோசித்தாள். “அது மட்டும் நிஜம்மா. உங்க யார்கிட்ட இருந்தும் எனக்கு எதுவும் வேண்டாம்.”

“பார்த்தீங்களா, என்ன குணம்!” என்றார் ஒரு பெண்ணின் அப்பா, கண் கலங்க.

பீமராவ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “அம்மா, நட்சத்திரம்?”

“நட்சத்திரம் எழுதலை சார். ஒண்ணும் ஒண்ணும் சமம்னு எழுதினேன்.”

பீமராவ் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். அவர் கையெழுத்துப் போட்ட தாள் அங்கே ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. “ஒண்ணும் ஒண்ணும் சமம்ங்கிறது சாஸ்திரத்துக்கு விரோதம்னு சொல்ல முடியாது” என்றார் கடைசியில். “நான் தப்பா எதுவும் எழுதலை.”

“மாப்பிள்ளை இல்லைங்க. அப்படி ஒரு ஆளே கிடையாது” என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

“இல்லைன்னா? வேற இடத்துல முடிஞ்சிடுச்சா?”

“பிறக்கவே இல்லைங்க.”

“எங்க பொண்ணுக்குப் பிடிச்சுப் போச்சே” என்றார் அந்த அப்பா. “கொஞ்சம் பேசிப் பாருங்களேன்.”

சிலர் ஷெர்லினைச் சுற்றிக்கொண்டு, அண்ணன் தம்பி யாராவது உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அப்போது திருவெள்ளறையிலிருந்து வந்திருந்த வீரம்மாள், தாம்பாளத்தைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்துக் கண்ணுக்கு அருகே பிடித்து எதையோ தட்டினார். பிரேமலதாவின் மேஜைக்கு வந்தார்.

“அனுப்பிட்டேன், பாருங்க.”

ஸ்தனிஸ்லாஸ் எடுத்துப் படித்தான். ‘மாப்பிள்ளை: சோதனைராஜ். குறை: ஆள் இல்லை. கடுமை: கடுமையானது.’

“வேற யாரும் இதை முன்னாடி சொல்லலியே?” என்றார் வீரம்மாள். “அப்ப புடவையை எடுங்க.”

விதிப்படி அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பிரேமலதா பீரோவைத் திறந்தார். வீரம்மாள் பச்சை வேண்டாம், அரக்கு எடுங்கள் என்றார். மற்றவர்களுக்கு எல்லாம் ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிவைக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவர்கள் கலைவதற்கு முன் சோதனைராஜை எல்லோர் கண் எதிரிலும் ஸ்தனிஸ்லாஸ் அழித்தான். பின்வரிசையில் யாரோ விசும்பியது கேட்டது.

ஷெர்லின் கூடவே உட்கார்ந்து ஓட்டையை அடைக்க உதவினாள். அன்றைக்கே பிரேமலதா மஞ்சள் எழுத்து அறிவிப்பையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

“இப்பச் சொல்லுங்க ஸ்தனி. எது நல்லது?”

“ரெண்டும் வேணும் மேடம். ஆனா முதல்ல பொறுக்கி எடுத்த ஆளுங்க. அவங்க ஆழமாத் தோண்டறாங்க, அடைச்ச பிறகு திரும்ப வந்து பார்க்கறாங்க. அந்த ஓட்டையெல்லாம் அடைச்சு முடிச்ச பிறகுதான் ஊரைக் கூப்பிடணும். அதுவும் எதைக் குறைன்னு சொல்றோம், எது குறை இல்லைன்னு தெளிவா எழுதிட்டு. வர்றதைப் படிக்கத் தனியா ஆள் போட்டுட்டு.”

“தெருவுல போறவங்களைக் கேட்டதுல ஒரு பிரயோஜனமும் இல்லையே?”

“தெரியலை மேடம். நான் இன்னும் எல்லாத்தையும் படிக்கலை” என்றான் அவன். இந்தத் தடவை ஒன்றையும் தள்ளாமல் படித்துவிடுவது என்று முடிவு செய்து, குவியலை முதலிலிருந்து திறந்தான். வழுக்கை, அக்கா, அரியர், மாமியாரின் வாய், நாய் வளர்ப்பது, நாய் வளர்க்காதது. அவற்றுக்கு நடுவே, ஜோதி என்ற பெண் அனுப்பிய நாலு வரி.

‘என் பக்கத்தைத் திறந்து, மேலே இருக்கிற இணைய முகவரியில் கடைசி எண்ணை மாற்றினால், மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்காக மட்டும் எழுதி வைக்கிற தனிக் குறிப்புகளைப் படிக்க முடிகிறது. என்னைப் பற்றி எழுதியதை எல்லாம் படித்துவிட்டேன். வேறு பெண்கள் படிப்பதற்குள் சரிசெய்துவிடுங்கள்.’

அவன் செய்து பார்த்தான். திறந்தது. குறிப்புகள் வரிசையாக வந்தன. ‘நிறம் கம்மி.’ ‘பல் கொஞ்சம் எடுப்பு.’ ‘சிரிக்கவே இல்லை, திமிர் போல.’ ‘ரொம்பச் சிரிக்கிறாள்.’ ‘அப்பா இல்லாத வீடு, செய்முறை செய்ய ஆள் கிடையாது.’ ‘வேற கிடைக்கலைன்னா பார்க்கலாம்.’ ஸ்தனிஸ்லாஸ் மேற்கொண்டு படிக்காமல் மூடினான். பல வருஷத்துக்கு முன்னால், ‘வாடிக்கையாளர் வசதிக்காக’ என்று அந்தக் குறிப்புப் பெட்டியைச் செய்து சைட்டில் சேர்த்தது அவனேதான்.

அவனே போன் பண்ணினான். மறுநாள் ஜோதி வந்தாள். உறையூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். பிரேமலதா எழுந்து நின்று, பட்டுப்புடவைகளை மேஜையில் பரப்பினார்.

“எது பிடிக்குதோ எடுத்துக்கோம்மா. நீதான் நிஜமாவே கண்டுபிடிச்சிருக்கே.”

ஜோதி புடவைகளைத் தொடவில்லை. “எனக்கு வேற ஒண்ணு வேணுங்க. என் பக்கத்தை எடுத்துடுங்க.”

“ஏம்மா? ஓட்டையை அடைச்சிடறோம். இனிமே யாரும் படிக்க முடியாது.”

“இனிமே நான் படிக்க முடியாது. அவங்க எழுதறது எழுதிட்டுத்தானே இருப்பாங்க?”

பிரேமலதா புடவைகளை மடிக்க ஆரம்பித்தார். ஸ்தனிஸ்லாஸ் அவளைத் தன் மேஜைக்கு அழைத்துப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக எடுத்தான். போட்டோ, ஜாதகம், போன் நம்பர், குறிப்புகள்.

“எல்லா இடத்துல இருந்தும் போயிடுச்சா? வேற எங்கேயாவது காப்பி இருக்குமா?”

“ராத்திரி எடுக்கிற பேக்கப்ல ஒண்ணு இருக்கு. அதையும் எடுத்துடறேன்.” எடுத்தான். உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள் என்று கீபோர்டை அவள் பக்கம் தள்ளினான். அவள் தேடினாள். ‘அப்படி யாரும் இல்லை’ என்று வந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். பல் கொஞ்சம் எடுப்பாகத்தான் இருந்தது. நன்றாக இருந்தது.

போகும்போது, “ஊரே பேசுதே, அந்த முசிறிக் குறட்டைக்காரர், அவர் பக்கத்தையும் படிச்சேன் சார்” என்றாள். “அவரைப் பத்தி அவங்க அம்மாவே மேல எழுதிட்டாங்க, ‘குறட்டை உண்டு’ன்னு. முதல்ல அது இல்லை, இந்த வாரம்தான் சேர்த்திருக்காங்க.”

“நல்ல பையன்” என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

“இருக்கட்டும்” என்றாள் ஜோதி. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அந்த ஓட்டையை அடைக்க ஒரு வரி மாற்றினால் போதும். ஸ்தனிஸ்லாஸ் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, குறிப்புப் பெட்டியையே சைட்டிலிருந்து பிடுங்கி எறிந்தான். பிரேமலதாவைக் கேட்கவில்லை. சாயங்காலம் லால்குடியிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார்.

“தம்பி, பொண்ணு வீட்டைப் பத்திக் குறிச்சு வைக்கிற இடத்தைக் காணோமே, எங்கே எழுதறது?”

“எழுத வேண்டாங்கம்மா” என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

“அப்ப எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?” என்று கேட்டார் அந்த அம்மா.